ஆங்கில வாக்கியங்களின் இணைப்பில் வரும் பிழைகள்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழிமுறை

ஆங்கிலத்தில் ஒற்றை வாக்கியத்தைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர்கள்கூட, இரண்டு கருத்துகளை இணைக்கும் இடத்துக்கு வந்ததும் தடுமாறுகிறார்கள். 'பட்', 'பிகாஸ்', 'ஆல்தோ', 'ஹவெவர்' ஆகியவற்றின் பொருள் அவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதால், அகராதியைப் புரட்டி இந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்க முடியாது. தமிழில் இணைப்பு பெரும்பாலும் வினையின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிறது: வந்தால், வந்தாலும், வந்ததால், வரும்போது, வந்து. ஆங்கிலத்திலோ அது தனிச்சொல்லாகப் பிரிந்து, தான் இணைக்கும் பகுதிக்கு முன்னால் போய் நிற்கிறது. அப்படி நிற்கும் சொற்கள் எல்லாம் ஒரே இனத்தவையும் அல்ல. சில உண்மையாகவே இரு பகுதிகளைக் கட்டுகின்றன, சில அந்தக் கட்டின் பொருளை மட்டும் சுட்டுகின்றன. பிழைகளில் பெரும்பகுதி இந்த இரண்டையும் கலந்துவிடுவதால் வருகிறது.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான முதல் சோதனை

அறிகுறி எதுவாக இருந்தாலும், முதலில் வாக்கியத்தில் எழுவாயோடு சேர்ந்து காலம் காட்டி நிற்கும் வினைகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். 'டு கோ', 'கோயிங்' போன்று முற்றுப்பெறாத வடிவங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அடிக்கோடிட்ட வினைகள் எத்தனையோ, அதைவிட ஒன்று குறைவாக இணைப்புச்சொற்கள் இருக்க வேண்டும். 'ஐ மிஸ்ட் தி பஸ் பிகாஸ் ஐ வோக் அப் லேட்' என்பதில் வினை இரண்டு, இணைப்பு ஒன்று. கணக்குச் சரியாக இருக்கிறது. 'ஹூ', 'விச்', 'தட்', 'வேர்' போன்றவை ஒரு பகுதியை மற்றொன்றோடு பொருத்தும்போது அவையும் இணைப்பாகவே எண்ணப்படும். 'ஐ நோ ஹி இஸ் ஹியர்' என்பதில் 'தட்' மறைந்திருக்கிறது. அதையும் இருப்பதாகவே கொள்ளுங்கள். மூன்று வினைகளை அடுக்கும்போது முதல் இரண்டுக்கும் இடையில் வரும் காற்புள்ளியும் ஓர் இணைப்பின் வேலையைச் செய்துவிடும். கணக்கு இடித்தால் பெரும்பாலும் கீழே உள்ள முதல் மூன்று அறிகுறிகளில் ஒன்று இருக்கும். கணக்குச் சரியாக வந்தும் வாக்கியம் நெருடினால், அடுத்தடுத்த பகுதிகளைப் பாருங்கள்.

அறிகுறி: ஒரே வாக்கியத்தில் 'ஆல்தோ', 'பட்' இரண்டும் இருக்கின்றன

'ஆல்தோ ஹி வாஸ் டயர்ட், பட் ஹி ஃபினிஷ்ட் தி வொர்க்.' வினை இரண்டு, இணைப்பும் இரண்டு, ஒன்று மிகுதி. 'களைப்பாக இருந்தாலும்' என்று தமிழில் முடித்தபின் 'ஆனாலும் வேலையை முடித்தான்' என்று பேச்சில் அழுத்தம் கூட்டுவோம். அந்த அழுத்தமே இங்கே 'பட்' ஆகிவிடுகிறது. இரண்டில் ஒன்றை நீக்கினால் இலக்கணப் பிழை போய்விடும் என்றாலும், எதை நீக்குவது என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. 'பட்' இருக்கும் வாக்கியத்தில் இரண்டு செய்திகளும் சமநிலையில் நிற்கின்றன. படிப்பவர் களைப்பையும் ஒரு தனிச் செய்தியாகவே ஏற்றுக்கொள்கிறார். 'ஆல்தோ' இருந்தால் களைப்பு பின்னணிக்குப் போய், வேலை முடிந்ததே செய்தியாகிறது. அடுத்த வாக்கியம் அந்த வேலையைப் பற்றிப் பேசப்போகிறது என்றால் 'ஆல்தோ'வை வைத்துக்கொள்வது நல்லது.

'பிகாஸ்' தொடங்கி 'ஸோ'வில் இணையும் வாக்கியத்துக்கும் இதே மருந்துதான். ஆனால் 'இஃப்' வந்த வாக்கியத்தில் 'தென்' வருவதும், 'ஆல்தோ' வந்த வாக்கியத்தில் 'ஸ்டில்' வருவதும் பிழையல்ல. 'தென்', 'ஸ்டில்' இரண்டும் வினையை விளக்கும் அடைகள். அவை எதையும் கட்டுவதில்லை என்பதால் கணக்கில் சேர்வதில்லை. 'தி ரீசன் இஸ் பிகாஸ்' என்ற தொடர் ஆங்கிலேயர் பேச்சிலும் புழங்குவதுதான். ஆயினும் முறையான எழுத்தில் காரணம் என்ற பொருள் இருமுறை வருவதாகக் குறை சொல்வார்கள். 'தி ரீசன் இஸ் தட்' என்று எழுதிவிட்டால் வாதத்துக்கே இடமிருக்காது.

அறிகுறி: 'பிகாஸ்' தனியாக ஒரு வாக்கியமாக நிற்கிறது

'ஐ டிட் நாட் கம் யெஸ்டர்டே. பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர்.' தமிழில் 'நேற்று நான் வரவில்லை. ஏனென்றால் எனக்குக் காய்ச்சல்' என்று இரண்டாக எழுதினால் யாரும் குறை காணமாட்டார்கள், ஏனெனில் தமிழில் அந்தச் சொல் முற்றுப்புள்ளிக்குப் பின் புது வாக்கியத்தைத் தொடங்கும் உரிமை பெற்றது. 'பிகாஸ்' அப்படிப்பட்டதன்று, தான் தொடங்கிவைக்கும் பகுதியை மற்றொரு முழு வாக்கியத்தின் துணைப் பகுதியாக மாற்றிவிடும். ஆகவே இங்கே முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு இரண்டையும் சேர்க்க வேண்டும். 'ஆல்தோ', 'சின்ஸ்', 'வைல்', 'வேர்ஆஸ்' ஆகியவற்றுக்கும் இதே விதி பொருந்தும். 'வேர்ஆஸ்' மட்டும் அடிக்கடி தப்பித்துவிடுகிறது. பல கட்டுரைகளில் அது பெரிய எழுத்தோடு தொடங்கி, துணைக்கு வேறு வாக்கியம் இல்லாமல் முடிந்துபோகிறது.

இதைத் திருத்தப்போய், 'பிகாஸ்' என்ற சொல்லை வாக்கியத்தின் தொடக்கத்தில் வைக்கவே கூடாது என்று சொல்லிக்கொடுக்கும் வழக்கம் வகுப்பறைகளில் உண்டு. அப்படி ஒரு விதி ஆங்கிலத்தில் கிடையாது. 'பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர், ஐ டிட் நாட் கம்' என்பது முழுமையான, சரியான வாக்கியம். துணைப் பகுதி முன்னால் வந்தால் அது முடியும் இடத்தில் காற்புள்ளி இட வேண்டும். பின்னால் வந்தால் பெரும்பாலும் தேவையில்லை.

அறிகுறி: 'ஹவெவர்', 'தெர்ஃபோர்' முன்னால் காற்புள்ளி மட்டும் இருக்கிறது

நன்றாக எழுதுபவர்களிடமும் விடாமல் தொற்றிக்கொண்டிருக்கும் பிழை இது. 'தி ரோட் வாஸ் பிளாக்ட், தெர்ஃபோர் வி டர்ன்ட் பேக்.' வினை இரண்டு. இணைப்பு ஒன்று இருப்பதுபோல் தோன்றும், ஆனால் உண்மையில் ஒன்றும் இல்லை. 'தெர்ஃபோர்' காரணத்தைச் சுட்டும் அடைச்சொல் மட்டுமே. இரு பகுதிகளைக் கட்டும் வேலையை அதனால் செய்ய முடியாது.

ஒரு சொல் எந்த இனம் என்று ஐயம் வந்தால் அதை நகர்த்திப் பாருங்கள். 'வி தெர்ஃபோர் டர்ன்ட் பேக்' என்று எழுவாய்க்குப் பின்னால் நகர்த்தினாலும் வாக்கியம் நிற்கிறது. 'பட்' என்பதை அப்படி நகர்த்தி 'வி பட் டர்ன்ட் பேக்' என்றால் பொருள் உடைந்துபோகிறது. நகரக்கூடியது அடை, நகர மறுப்பது இணைப்புச்சொல். காற்புள்ளியோடு சேர்ந்து இரு முழு வாக்கியங்களைச் சமநிலையில் கட்டும் ஆற்றல் ஆங்கிலத்தில் 'ஃபார்', 'அண்ட்', 'நார்', 'பட்', 'ஆர்', 'யெட்', 'ஸோ' என்ற ஏழு சொற்களுக்கு உண்டு என்று பாடநூல்கள் கற்பிக்கின்றன. இவற்றின் முதல் எழுத்துகளைக் கோத்து 'ஃபேன்பாய்ஸ்' என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வதுண்டு. 'மோரோவர்', 'நெவர்தலெஸ்', 'கான்சிக்வென்ட்லி', 'தஸ்', 'அதர்வைஸ்', 'இன்ஸ்டெட்', 'தென்' எல்லாம் அடைகள். இவற்றுள் நீளமான சொற்களைக் கண்டால் எழுதுபவர் எச்சரிக்கையாகிவிடுகிறார். 'தென்', 'தஸ்' போன்ற சிறியவைதான் பார்வைக்குத் தப்புகின்றன.

திருத்துவதற்கு மூன்று வழிகள் உண்டு. முதல் பகுதியை முற்றுப்புள்ளியால் முடித்து, 'தெர்ஃபோர்' என்பதைப் புதிய வாக்கியத்தின் தொடக்கமாக்கலாம். முற்றுப்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி இட்டால் இரண்டு செய்திகளும் இன்னும் நெருக்கமாக நிற்கும். அல்லது அடையை விட்டுவிட்டு 'ஸோ' என்ற உண்மையான இணைப்பைப் போட்டு, காற்புள்ளியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். என் விருப்பம் மூன்றாவது; அரைப்புள்ளியும் 'தெர்ஃபோர்' என்பதும் சேர்ந்தால் ஒரு சிறிய செய்திக்குத் தேவையில்லாத கனம் வந்துவிடுகிறது.

விதிவிலக்கு இரண்டைச் சொல்லிவிட வேண்டும். 'ஹவெவர் ஹார்ட் ஹி ட்ரைட், ஹி ஃபெயில்ட்' என்ற வாக்கியத்தில் 'ஹவெவர்' என்பது 'எவ்வளவுதான்' என்ற பொருளில் வந்து இணைப்பாகவே செயல்படுகிறது. கணக்கும் சரியாக இருக்கும். ஜூலியஸ் சீசரின் கூற்றாக வழங்கும் 'ஐ கேம், ஐ சா, ஐ காங்கர்ட்' போல, மிகக் குறுகிய, ஒரே அச்சில் வார்த்த பகுதிகளைக் காற்புள்ளியால் மட்டும் அடுக்குவதை ஆங்கில நடை அனுமதிக்கிறது. தேர்வுத்தாளில் இந்த அனுமதியை நம்ப வேண்டாம்.

அறிகுறி: 'டிஸ்பைட்' அருகே வாக்கியம் உடைகிறது

'டிஸ்பைட் ஹி வாஸ் இல், ஹி கேம்.' பொருளில் 'ஆல்தோ'வும் 'டிஸ்பைட்'டும் ஒன்றுதான். ஆனால் 'டிஸ்பைட்' என்பது முன்னிடைச்சொல். அதன் பின்னால் பெயர்ச்சொல்லோ 'இங்' ஈற்று வடிவமோதான் வர முடியும், எழுவாயும் வினையும் கொண்ட முழுப் பகுதி வர முடியாது. 'டிஸ்பைட் ஹிஸ் இல்னெஸ்', 'டிஸ்பைட் பீயிங் இல்', 'ஆல்தோ ஹி வாஸ் இல்' ஆகிய மூன்றில் எதுவும் சரி. 'பிகாஸ்' இருக்குமிடத்தில் முழுப் பகுதி, 'பிகாஸ் ஆஃப்' இருக்குமிடத்தில் பெயர். 'வைல்' இருக்குமிடத்தில் முழுப் பகுதி, 'டியூரிங்' இருக்குமிடத்தில் பெயர். 'இன் ஸ்பைட் ஆஃப்' என்பதன் 'ஆஃப்' வந்து ஒட்டிக்கொள்வதால் 'டிஸ்பைட் ஆஃப்' என்று எழுதுவோர் உண்டு. அந்த 'ஆஃப்' வேண்டாம்.

அறிகுறி: இணைப்புச் சரி, அதன் பின் வரும் வினை தவறு

'அன்லெஸ் யூ டோன்ட் ஹர்ரி, யூ வில் மிஸ் தி டிரெயின்.' சொல்ல நினைத்தது 'விரையாவிட்டால் ரயிலைத் தவறவிடுவாய்' என்பது. எழுதியிருப்பதோ 'விரைந்தால் தவறவிடுவாய்' என்பது. 'அன்லெஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே எதிர்மறை இருக்கிறது, ஆகவே பின்னால் வரும் வினைக்கு 'நாட்' சேர்க்கக் கூடாது. 'அன்டில்' விஷயத்தில் சறுக்கல் இன்னும் எளிதாக நேர்கிறது. 'நீங்கள் கையெழுத்திடாத வரை வேலை தொடங்காது' என்று தமிழில் எதிர்மறையாகச் சொல்வது இயல்பு. அதை அப்படியே மாற்றினால் 'அன்டில் யூ டோன்ட் சைன்' என்று வந்துவிடும். ஆங்கிலத்தில் 'அன்டில் யூ சைன், தி வொர்க் வில் நாட் ஸ்டார்ட்' என்று, எதிர்மறையை முதன்மைப் பகுதியில் மட்டும் வைக்க வேண்டும்.

காலம் பற்றியும் ஒரு சொல். 'வென் ஹி வில் அரைவ், ஐ வில் கால் யூ' என்பதில் இரண்டு நிகழ்ச்சிகளும் எதிர்காலத்தவை என்பதால் இரண்டிலும் 'வில்' போடத் தோன்றுகிறது. நேரத்தையோ நிபந்தனையையோ காட்டும் 'வென்', 'ஆஃப்டர்', 'பிஃபோர்', 'அஸ் ஸூன் அஸ்', 'இஃப்' ஆகியவற்றின் பின்னால் நிகழ்கால வடிவமே வரும்: 'வென் ஹி அரைவ்ஸ்'. ஆனால் 'ஐ டோன்ட் நோ வென் ஹி வில் அரைவ்' என்பது சரியே. அங்கே 'வென்' நேரத்தைக் குறிக்கும் இணைப்பாக வரவில்லை, கேள்விச்சொல்லாக வந்திருக்கிறது.

அறிகுறி: 'தட்' என்பதற்கு அடுத்து ஒரு கேள்விச்சொல் நிற்கிறது

'ஹி ஆஸ்க்ட் மீ தட் வேர் வாஸ் ஐ கோயிங்.' தமிழில் யார் என்ன சொன்னாலும், கேட்டாலும், நினைத்தாலும் 'என்று' வேண்டும். 'எங்கே போகிறாய் என்று கேட்டார்' என்பதில் 'எங்கே'வும் இருக்கிறது, 'என்று'வும் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'வேர்' என்பதே இணைப்பின் வேலையைச் செய்துவிடுவதால் 'தட்' மிகுதியாகிறது; முதல் சோதனையே இதைப் பிடித்துவிடும். 'தட்' போனபின் இன்னொரு திருத்தமும் பாக்கி இருக்கிறது: உள்ளே வரும் கேள்வி கேள்வியின் வரிசையை இழந்து, சாதாரண வாக்கியத்தின் வரிசைக்குத் திரும்ப வேண்டும். 'ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்.' ஆம், இல்லை என்று விடை தரும் கேள்வியானால் 'இஃப்' அல்லது 'வெதர்' போதும். 'தட் வெதர்' என்ற சேர்க்கை எங்கும் செல்லாது.

அறிகுறி: 'அண்ட்' வரிசையாக வருகிறது, அல்லது 'இங்' தொடர் அந்தரத்தில் தொங்குகிறது

எழுந்து, குளித்து, உடுத்திக் கிளம்பினேன் என்று தமிழ் வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். அது நம் நடையின் அழகும்கூட. ஒவ்வொரு எச்சத்துக்கும் ஓர் 'அண்ட்' போட்டால் ஆங்கில வாக்கியம் சலிப்பூட்டுகிறது, எது முக்கியமான செயல் என்பதும் தெரிவதில்லை. இப்படிப்பட்ட வாக்கியத்தைத் திருத்தும்போது, முதலில் படிப்பவர் மனத்தில் நிற்க வேண்டிய செயலைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் முழு வினையைக் கொடுங்கள். மற்றவற்றை 'ஆஃப்டர்', 'வென்' ஆகியவற்றின் கீழோ 'இங்' வடிவத்திலோ அடக்கிவிடலாம்: 'ஆஃப்டர் டேக்கிங் எ பாத் அண்ட் கெட்டிங் டிரஸ்ட், ஐ லெஃப்ட்.'

அப்படி அடக்கும்போதுதான் அடுத்த பிழை முளைக்கிறது. 'வாக்கிங் டு ஸ்கூல், தி ரெயின் பிகேன்' என்று எழுதினால் மழை பள்ளிக்கு நடந்து போவதாகிவிடும். தொடக்கத்தில் நிற்கும் 'இங்' தொடருக்குச் செய்பவர் யாரோ, அவரே காற்புள்ளிக்கு அடுத்து எழுவாயாக வர வேண்டும். இந்தக் கட்டுப்பாடு நமக்குப் புதிதன்று. 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்று தொல்காப்பிய வினையியல் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. 'பள்ளிக்கு நடந்து மழை வந்தது' என்று நாம் சொல்வதில்லை. 'நடந்து போகும்போது மழை வந்தது' என்கிறோம். அந்தப் 'போகும்போது' ஆங்கிலத்தில் 'வைல்' அல்லது 'அஸ்' என்று, தன் எழுவாயோடு வரட்டும்: 'அஸ் ஐ வாஸ் வாக்கிங் டு ஸ்கூல், தி ரெயின் பிகேன்.'

அறிகுறி: இணை இணையாக வரும் சொற்கள் பொருந்தவில்லை

'நாட் ஒன்லி', 'பட் ஆல்ஸோ' இரண்டின் பின்னாலும் ஒரே வகைச் சொல் வர வேண்டும். 'ஹி நாட் ஒன்லி பிளேஸ் கிரிக்கெட் பட் ஆல்ஸோ ஃபுட்பால்' என்பதில் முன்னது வினையைத் தொடுகிறது, பின்னது பெயரைத் தொடுகிறது. 'ஹி பிளேஸ் நாட் ஒன்லி கிரிக்கெட் பட் ஆல்ஸோ ஃபுட்பால்' என்று நகர்த்தினால் சமமாகிவிடும். 'போத்' என்பதற்கு இணை 'அண்ட்', 'அஸ் வெல் அஸ்' அன்று. 'நோ ஸூனர்' என்பதற்கு இணை 'தேன்', ஏனெனில் 'ஸூனர்' ஒப்பீட்டுச் சொல். 'ஹார்ட்லி' என்பதற்கு இணை 'வென்'.

அறிகுறி: இலக்கணம் சரி, ஆனால் பத்தி ஓடவில்லை

ஒவ்வொரு வாக்கியமும் 'மோரோவர்', 'ஃபர்தர்மோர்', 'இன் அடிஷன்' என்று தொடங்கினால் பத்தியில் இணைப்பு இருப்பதுபோன்ற தோற்றம் மட்டுமே கிடைக்கும். ஆங்கிலத் திறனை அளக்கும் ஐஈஎல்டிஎஸ் தேர்வின் எழுத்துப் பகுதியில் ஒவ்வொரு பணிக்கும் உரிய நான்கு அளவுகோல்களில் ஒன்று கருத்துத் தொடர்ச்சியும் இணைப்பும் பற்றியது; அதற்கு அந்தப் பணியின் மதிப்பெண்ணில் 25 சதவீதம் உண்டு. அதன் மதிப்பீட்டுக் குறிப்புகள் இணைப்புச் சொற்களை மிகையாகவும் இயந்திரத்தனமாகவும் பயன்படுத்துவதைக் குறையாகவே கணக்கிடுகின்றன. உச்ச மதிப்பெண்ணுக்கு உரிய எழுத்திலோ இணைப்பு படிப்பவரின் கவனத்தை ஈர்ப்பது அரிது. நிறைய 'டிரான்ஸிஷன்' சொற்களைத் தூவினால் மதிப்பெண் கூடும் என்ற அறிவுரை பரவலாகக் கிடைக்கிறது; அதைப் பின்பற்றினால் இழப்புத்தான்.

சோதனை எளியது. தொடக்கச் சொற்களைக் கையால் மறைத்துக்கொண்டு பத்தியைப் படியுங்கள். தொடர்பு தெளிவாகவே இருந்தால் அந்தச் சொல் தேவையில்லை. தொடர்பு புலப்படவில்லை என்றால், அங்கே உண்மையில் தொடர்பு உண்டா என்பதை முதலில் கேளுங்கள். இல்லாத தொடர்பை எந்தச் சொல்லாலும் உண்டாக்க முடியாது. பல நேரங்களில் முன் வாக்கியத்தின் செய்தியை ஒரு பெயராகச் சுருக்கி அடுத்ததின் எழுவாயாக்குவது போதும்: 'தி டிரெயின் ஸ்டாப்ட் ஃபார் டூ அவர்ஸ். திஸ் டிலே காஸ்ட் ஹெர் தி இன்டர்வியூ.' இங்கே 'திஸ் டிலே' செய்யும் வேலையை 'அஸ் எ ரிசல்ட்' இவ்வளவு இயல்பாகச் செய்யாது.

சொல் தேவைதான், ஆனால் தவறான சொல் விழுந்திருக்கிறது என்ற நிலையும் உண்டு. காரணங்களை வரிசைப்படுத்தி முடிக்கும் இடத்தில் 'அட் லாஸ்ட்' எழுதக் கூடாது. அது நெடுநேரம் காத்திருந்து ஒருவழியாகக் கிடைத்ததைச் சொல்லும் தொடர். அங்கே 'ஃபைனலி' அல்லது 'லாஸ்ட்லி' வேண்டும். 'ஆன் தி கான்ட்ரரி' முன் சொன்னதை மறுக்கிறது. 'ஆன் தி அதர் ஹேண்ட்' முன் சொன்னதை ஏற்றுக்கொண்டு மறுபக்கத்தைக் காட்டுகிறது. நகர வாழ்க்கை வசதியானது என்று சொல்லிவிட்டு அதன் செலவைப் பேசப்போகிறீர்கள் என்றால் இரண்டாவதே பொருந்தும்.

அறிகுறி: படிப்பவர் வேறு பொருள் கொள்கிறார்

'சின்ஸ்', 'அஸ்', 'வைல்' மூன்றும் நேரத்தையும் குறிக்கும், வேறு உறவையும் குறிக்கும். 'சின்ஸ் ஷி லெஃப்ட், தி ஆஃபிஸ் ஹேஸ் பீன் கொயட்' என்றால் அவர் போனதிலிருந்தா, போனதாலா என்பது தெளிவில்லை. காரணம்தான் சொல்ல வேண்டும் என்றால் 'பிகாஸ்', முரண்தான் சொல்ல வேண்டும் என்றால் 'வேர்ஆஸ்' என்று ஒரே பொருள் உள்ள சொல்லுக்கு மாறிவிடுங்கள். எதிர்மறை வினைக்குப் பின் வரும் 'பிகாஸ்' இன்னும் தந்திரமானது. 'ஐ டிட் நாட் லீவ் பிகாஸ் ஹி ஷவுட்டட்' என்றால், அவர் கத்தியதால் நான் போகாமல் இருந்தேன் என்றும் கொள்ளலாம். நான் போனதற்குக் காரணம் அவர் கத்தியது அன்று என்றும் கொள்ளலாம். முதல் பொருளுக்கு 'பிகாஸ்' முன்னால் காற்புள்ளி இட்டால் ஓரளவு தெளிவு வரும். காரணப் பகுதியை வாக்கியத்தின் முன்னால் கொண்டுவந்தால் முழுத் தெளிவு கிடைக்கும். இரண்டாவது பொருளுக்கு 'ஐ லெஃப்ட், பட் நாட் பிகாஸ் ஹி ஷவுட்டட்' என்று எதிர்மறையை வினையிலிருந்து பிரித்துக் காரணத்தின் பக்கம் வையுங்கள்.